மூன்றாம் சரணத்தில் செத்துப்போனவன்

அன்பு மகள் டார்லாவுக்கு,

கென்டக்கியிலிருந்து உன் அப்பா டெல்மர் எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். ‘நலம்’ என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனி. இரண்டு வருஷம் பேசாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். வேறு வழியில்லை.

உன் பாட்டு மூன்று வாரமாக நாட்டிலேயே முதலிடமாம், ரேடியோவில் சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் மூன்றாம் சரணத்தில் என்னைக் கொன்றிருக்கிறாயே, யாரைக் கேட்டுக் கொன்றாய்? ‘முன்வரிசையில் நாற்காலி போட்டேன், அப்பா வரவேயில்லை, இன்று மண்ணுக்குள் இருக்கிறார்’ என்று நீ பாடுகிறாய். அறிவிப்பாளர் வேறு உண்மைக் கதை என்று சொல்லித் தொலைத்தார். சாவு வீடு என்றால் நம் பக்கத்துப் பெண்கள் சமைத்துக்கொண்டு வராமல் சும்மா இருப்பார்களா? உள்ளூர்க்காரர்களுக்கு நான் உயிரோடிருப்பது தெரியும். தபால் நிலையத்தில் வெர்னா, “செத்தவங்களுக்கெல்லாம் இங்க தபால் குடுக்கிறதில்ல டெல்மர்” என்று கேலி செய்கிறாள். பக்கத்து மாவட்டத்துச் சர்ச் பெண்களுக்குத் தெரியாதே! செவ்வாய் முதல் வாசலில் கோழிக் கேசரோல், வாழைப்பழப் புட்டிங், மறுபடி கோழிக் கேசரோல்.

நேற்று ஓபல் ரேட்லிஃப் என்கிற அம்மாள் முழுப் பன்றித்தொடையோடு வந்தார். “நீங்க செத்தவரோட அண்ணனா? பாட்டுல சொன்ன அதே மூக்கு!” உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தேன் தடவி, கிராம்பு குத்திய தொடை மகளே அது. “ஆமாங்க, அண்ணன்தான்” என்றுவிட்டேன்.

அவர் போகவில்லை. உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பெத்த பொண்ணு பாடுறதை ஒரு தடவை போய்க் கேட்டா என்னங்க கொறஞ்சிடும்? உங்க தம்பிக்கு அப்படி என்ன கல்நெஞ்சு?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பியை விட்டுக்கொடுக்க முடியுமா? “கல்நெஞ்செல்லாம் இல்லீங்க. பாட்டு சோறு போடாது, மூணு மாசத்துல நீயே திரும்பி வருவேன்னு அவகிட்ட வாய விட்டுட்டான். அவ வரல, ஜெயிச்சிட்டா. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முன்வரிசையில போய் உக்காருவான்? வெக்கங்க அவனுக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “உயிரோட இருக்கும்போதே இதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். தொடை அப்படியே இருக்கிறது.

பதினோரு பாத்திரங்கள், அடியில் ஒட்டுத்தாளில் கொடுத்தவர் பெயர். திருப்பிக் கொடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லி, இன்னொரு பாத்திரம் கொடுத்தனுப்புகிறார்கள். ஆகவே மூன்றாம் சரணத்தை உடனே மாற்று. என்னைப் பிழைக்க வை.

ஆண்டவர் உன் தொண்டையைக் காக்கட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
அப்பா டெல்மர் (உயிருடன்)

பி.கு.: சரணத்தை மாற்றாதே. பாட்டு இரண்டாமிடத்துக்கு இறங்கிவிட்டதாக இப்போதுதான் சொன்னார்கள். உடனே ரேடியோ நிலையத்துக்குப் போன் செய்து அதைப் போடச் சொன்னேன். “காலையிலேர்ந்து ஒம்பதாவது தடவை கூப்பிடுறீங்க, யாரு சார் நீங்க?” என்று போனை எடுத்த பெண் கேட்டாள். “செத்தவனோட அண்ணன்” என்றேன். சனிக்கிழமை உன் கச்சேரியில் முன்வரிசையில் நாற்காலி போட்டு வை. அண்ணன் வருகிறான்.