குளவிக்குப் பூர்வீகம் சொன்ன பூச்சி மேஸ்திரி

ஈயை விரட்டுவதற்கு முன்னால் அதன் பெயருக்குப் பூர்வீகம் சொல்கிற மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவரும் வேறு ஊரே கிடைக்காத மாதிரி எங்கள் எடப்பாடிக்கு வந்து, என் கடைக்கு எதிரிலேயே குடியிருக்கிறார்.

ஊருக்கே அவர் பூச்சி மேஸ்திரி. தொழில் விசைத்தறி ரிப்பேர். கல்லூரியில் மொழியியலைப் பாதியில் விட்டவர். பாதிக்கே இந்தப் பாடு என்றால், முழுசாகப் படித்திருந்தால் நாங்கள் ஊரைக் காலி செய்திருப்போம். நான் தறி சாமான் கடைக்காரன். கூடவே ஊர் எழுத்தாளன். கல்யாண வாழ்த்துமடலிலிருந்து கண்ணீர் அஞ்சலி பேனர் வரை என் கைவண்ணம்தான். அவர் வரும்வரை எனக்குப் போட்டி கிடையாது.

டீயில் ஈ விழுந்தால் நாம் கடைக்காரரைத் திட்டுவோம். மேஸ்திரி அதை விரலால் எடுத்து வெளியே விட்டுவிட்டு ஆரம்பிப்பார். "இவனுக்கு லத்தீன்ல முஸ்காங்க. ரஷ்யாக்காரன் முகாங்கறான். லித்துவேனியாவுல முசே. எல்லாம் ஒரே குடும்பத்துப் பாஷைங்க. இவன் பறக்கற சத்தத்துல இருந்தே பேரு வந்திருக்கும்ங்கறாங்க."

கேட்கிறவர்கள் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். என் வாழ்த்துக் கவிதைக்கு இதுவரை ஒருவரும் இரண்டாவது டீ சொன்னதில்லை.

ஒருநாள் ஒரு பட்டறையில் தறியைப் பிரித்துப் போட்டிருந்தார். ஊடை நூலை ஓட்டுகிற நாடா கொடுக்க நானும் போயிருந்தேன். விட்டத்தில் குளவிக்கூடு. ஓனர் அதைத் தட்டிவிட மூங்கில் எடுத்தார்.

"பொறுங்க. குளவிக்கு லத்தீன்ல வெஸ்பா, லித்துவேனியாவுல வாப்ஸ்வா, இங்கிலீஷ்ல வாஸ்ப். நெய்யறதுக்கு இங்கிலீஷ்ல வீவ். அத்தனைக்கும் வேரு ஒண்ணுதானுங்க. இது கூடு கட்டற அழகப் பாத்து, நெய்யறவன்னு பேரு வெச்சிருக்காங்க."

ஓனர் மூங்கிலைக் கீழே போட்டார். "அப்ப நம்ம பங்காளியுங்களா?"

அன்றிலிருந்து கூட்டை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. நாலாம் நாள் பங்காளிகள் கிளம்பிவந்து ஓனர் முகத்தில் கொட்டியதில் ஒரு கண் மூடிக்கொண்டது. பட்டறையே நின்றது. மேஸ்திரி கதை முடிந்தது என்று நான் ஆரஞ்சுப் பழத்தோடு ஓனரைப் பார்க்க ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த நோயாளியையும் பார்க்கப் போனதில்லை.

ஓனர் வீங்கிய உதட்டோடு சொன்னார்: "பங்காளின்னா கொட்டத்தான் செய்வானுங்க. மேஸ்திரி சொன்னது நெசந்தான்."

எரிச்சலில் ஒரு பழத்தை நானே உரித்துத் தின்றுவிட்டு வந்தேன்.

எங்கள் வாசகர் வட்டத்து ஆண்டு விழாவில் ஆறு வருஷமாகச் சிறப்புரை என்னுடையது. இந்த வருஷ அழைப்பிதழில் சிறப்புரைக்கு நேரே அவர் பெயர். எனக்கு வரவேற்புரை. வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? வெள்ளந்தி மனிதர், பேசப் போவதையெல்லாம் என் கடையில் உட்கார்ந்து என்னிடமே ஒப்பித்துக் காட்டியிருந்தார். சிறப்புரைக்காரர் சரக்கை வரவேற்பவர் முன்னாலேயே தின்றுவிடுவது நம் மேடைகளில் பழைய வழக்கம். நானும் தின்றேன். ஈ, குளவி, தெள்ளுப்பூச்சி ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, "வடமொழியில் குளவிக்கு ஊர்ணவாபி! கம்பளி நெய்பவன் என்று பொருள்!" என்று கையை உயர்த்தி முடித்தேன். முக்கால் மணி நேரம்.

மேஸ்திரி எழுந்தார். "நான் கொண்டாந்த பாவு நூலு பூராத்தையும் அண்ணனே நெய்து முடிச்சுட்டாருங்க. என்னைய விட நல்லாவே நெய்துட்டாரு. வணக்கமுங்க." உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தட்டியதைவிட அதற்குப் பலமாகக் கை தட்டினார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏதோ உறுத்தியது. போனில் தேடினேன். ஊர்ணவாபி என்றால் சிலந்தியாம். அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், அவசரத்தில் குழப்பியது நான்.

மறுநாள் காலை மேஸ்திரி நாடா வாங்கக் கடைக்கு வந்தார். "நேத்து நான் சிலந்தியக் குளவியாக்கினது உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றேன்.

"தெரியுமுங்க."

"மைக் உங்க கையிலதான இருந்துச்சு. ஏன் சொல்லல?"

நாடாவின் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க ஊட்டுக்காரம்மா முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. நீங்க பேசப்பேச அவங்களுக்கு மூஞ்சியெல்லாம் பெருமைங்க. அதுல போயி நான் எதுக்குங்க கால வெக்கறது?"

ஆறு வருஷமாக மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்தவன் நான். அந்த முகத்தைப் பார்த்தவர் அவர்.

இன்றைக்கும் எனக்கு அவர்மேல் பொறாமைதான். ஆனாலும் அடுத்த வருஷச் சிறப்புரைக்கு அவர் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வரவேற்புரை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். என் சம்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதை முழுசாகக் கேட்க வேண்டும்.