ரிட்டன் அக்கா

மதுரையில் தர்மம் செய்ய வந்தவர்களைத் திட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே மனுஷி எங்கள் ரிட்டன் அக்காதான்.

கே.கே. நகரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் திடீரென்று இரக்கம் வந்தது. பஸ் ஸ்டாண்டிலும் பாலத்தடியிலும் படுத்திருப்பவர்களுக்காகத் துணிமணி, போர்வை, பாத்திரம் சேகரிக்க ஒரு மையம் திறந்தோம். அன்று எடுத்த போட்டோக்களில் பாலத்தடி ஆட்களைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். வருகிற பொருளை வாங்கி அடுக்க, சோழவந்தான் பக்கத்து அக்கா ஒருவரை வேலைக்கு வைத்தவன், சங்கச் செயலாளரான நான். அந்தக் குற்றத்தைச் சங்கம் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரக்கம் பெருக்கெடுத்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. ஜிப் இல்லாத பேன்ட் வந்தது. ஒரு வீட்டிலிருந்து ட்ரெட்மில்கூட வந்தது. நாளெல்லாம் நடந்து நொந்தவர்களுக்கு நடைப்பயிற்சி!

அக்கா எதையும் சும்மா வாங்க மாட்டார். "அண்ணே, இந்தப் பேன்ட்ட நீங்க போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு வாங்க. யாரும் சிரிக்கலைன்னா வாங்கிக்கிறேன்" என்பார். கொடுத்தவர் நழுவிவிட்டால் பையோடு வீட்டுக்கே போய் பெல் அடிப்பார். "அம்மா, குப்பை வண்டியில போட வேண்டியத மாத்தி எங்ககிட்டக் குடுத்துட்டீக போல!" தெரு முழுக்கக் கேட்கும் குரல். 'ரிட்டன்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

நானும் தப்பவில்லை. நான் கொடுத்த பெட்ஷீட்டை விரித்து, அதிலிருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "நல்லாத் தெரியுறீகண்ணே. மழையும் இப்படித்தான் அவுகளப் பாக்கும்." என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது.

மழைக்காலத்துக்கு முன் ஒரு ஜவுளி வியாபாரி போர்வைகள் கொடுக்க வந்தார். மேடை, மைக், மாலை. ஒவ்வொரு போர்வையிலும் அவர் முகத்தை அச்சடித்திருந்தார். துணியைவிட முகம்தான் கெட்டியாக இருந்தது. அக்கா ஒன்றை உதறினார்.

"அய்யா, ஒரு நிமிசம் இந்தப் பெஞ்சுல படுங்க."

கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் அவர் படுத்தார். போர்வை முழங்காலோடு நின்றுவிட்டது.

"ஒங்களுக்கே பத்தலையேய்யா. பாலத்தடியில இருக்கவுகளும் இம்புட்டு ஒசரந்தான்."

வியாபாரி போர்வைகளை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவிளக்கு விஷயத்தில் இரண்டு வருஷமாக முடிவெடுக்காத சங்கம், பத்தே நிமிஷத்தில் அக்காவை நீக்கியது. அதைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் போனபோது அவர் யாரோ கொடுத்த சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, மழை வருது. வந்த போர்வையும் போச்சு. பேசாம வாங்கி வச்சிருக்கலாம்ல?"

அக்கா ஊசியை நிறுத்தவில்லை. "நாம கொண்டுபோய் நீட்டுனா, கிழிசலா இருந்தாலும் அவுக கும்பிட்டு வாங்கிக்கிருவாகண்ணே. வேணாம்னு சொல்ற தெம்பு அவுகளுக்கு இல்ல. அதான் அவுகளுக்கும் சேத்து நான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்."

வேலை போன விஷயத்தைத் திக்கித் திணறித்தான் சொன்னேன். சட்டையை மடித்து வைத்துவிட்டு, "வாரேண்ணே" என்று எழுந்து போனார்.

இப்போது எங்கள் மையத்தில் எதைக் கொடுத்தாலும் புன்னகையோடு வாங்கிக்கொள்கிறார்கள். கூரை முட்டக் குவிந்திருக்கிறது. கொடுத்தவர்களின் மனசெல்லாம் நிறைந்திருக்கிறது. எடுத்துப்போகத்தான் ஆள் வருவதில்லை. அக்கா ஆனையூரில் வீடில்லாதவர்களுக்கான காப்பகம் ஒன்றில் சமைக்கிறார். அங்கும் வருகிற துணியை அவர்தான் பார்க்கிறாராம்.

போன மாதம் கடை கடையாக ஏறி இரண்டு போர்வை வாங்கி, பஸ் பிடித்து ஆனையூர் போனேன். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவே இல்லை.