டிரான்ஸ்போஸ் பட்டனும் நான்கு செல்விகளும்

எனக்குப் பன்னிரண்டு சுருதியிலும் கீபோர்டு வாசிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருஷம் மேற்கு மாம்பலம் முழுக்கத் திரிந்திருக்கிறேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மீதிப் பதினொன்றும் பட்டனுக்குத்தான் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஆள் குரல் வேறு. சிலர் தணிவாகப் பாடுவார்கள், சிலர் உயர்த்திப் பாடுவார்கள். ஒரே பாட்டை அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியில் வாசிக்க வேண்டும். சுருதி மாறினால் விரல் வைக்கும் இடமெல்லாம் மாறிவிடும். ஆழ்வார்பேட்டையில் எனக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்த ஆல்பர்ட் சார், ஒரு பாட்டைக் கொடுத்தால் பன்னிரண்டு இடத்திலும் வாசித்துப் பழகிக்கொண்டு வரச் சொல்வார். நானோ 'ஒரு கட்டை' என்று சொல்லும் சுருதியில் மட்டும் பழகுவேன். அதில் எல்லாமே வெள்ளைக் கட்டைகள், கறுப்பின் பக்கமே போக வேண்டாம். மற்றச் சுருதி கேட்டால் இடது மூலையில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. எத்தனை முறை அழுத்துகிறோமோ அத்தனை படி கீபோர்டே சத்தத்தை ஏற்றும், இறக்கும். என் விரல்கள் பிறந்த ஊரைவிட்டு நகரவே வேண்டாம்.

சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர் என்பதால் ரொம்ப நாள் பிழைத்தேன். ஒரு நாள் கண்ணைத் திறந்துவிட்டார்.

"சேது, இது வாசிக்கிறது இல்லப்பா, லிஃப்ட்ல போறது. மாடிப்படி எங்க இருக்குன்னாவது தெரிஞ்சு வெச்சுக்கோ."

நான் சிரித்தேன். (அந்த வயதில் நான் எதற்கும் அப்படித்தான் சிரிப்பேன். பழைய போட்டோக்களைப் பார்த்தால் எனக்கே ஓங்கி ஒன்று விடலாம் போலிருக்கும்.)

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் அப்பா மாம்பலத்தில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருந்தார். யார் எந்தப் புடவையைக் கொண்டுவந்து விரித்தாலும், ஒரு பார்வை பார்த்து அதற்கு மேட்ச்சான துணியை உருவிப் போடுவார். அக்கா அவருக்கு உதவியாகக் கடையில் நிற்பாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் துணியை மடித்துக்கொண்டே பாடுவாள். முறையாகக் கற்றுக்கொண்டதில்லை, மேடை ஏறியதும் இல்லை. ஆனால் குரல் அவ்வளவு சுத்தம். தெருவில் போகிறவர்கள் ரேடியோ என்று நினைத்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா திருநெல்வேலிக்காரர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். "பிள்ள லட்சணமாத்தான் இருக்கு. பேச்சு வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அக்காவுக்கு அது குத்திவிட்டது.

ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தாள்.

"டேய், ரிசப்ஷன்ல நான் ஒரு பாட்டு பாடப் போறேன். அந்த வீட்டு ஆளுங்க என் குரலை ஒரு தடவையாவது முழுசா கேக்கணும். நீதான் வாசிக்கணும்."

"கச்சேரிக்கு வர்ற குரூப்ல கீபோர்டு ஆள் இருப்பாரேக்கா?"

"அவரோட பாடுனா எனக்குக் கால் நடுங்கும். நீ இருந்தா நடுங்காது."

இதைக் கேட்டதும் எனக்குத் தலை எவ்வளவு பெருத்தது என்றால், அன்றிரவு சட்டையைக் கழற்றவே சிரமப்பட்டேன். எடுத்தது ஒரு பழைய சினிமாப் பாட்டு. (எது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டுக்கு இனியாவது நிம்மதி கிடைக்கட்டும்.) இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் குரல் மேலே போய் நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கும். அந்த இடத்துக்காகவே அக்கா அதைத் தேர்ந்தெடுத்தாள். அவள் பாடியது ஐந்தரைக் கட்டைச் சுருதி. என் ஒரு கட்டையிலிருந்து நாலு படி இறங்கினால் அது வந்துவிடும், அதனால் எனக்கு மைனஸ் நாலு. பட்டனை நாலு தடவை அழுத்தினேன், வெள்ளைக் கட்டையில் வாசித்தேன், ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். சுவர்க்கம்.

ரிசப்ஷன் மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபம். மாடியில் மேடை, கீழே சாப்பாட்டுக் கூடம். சாப்பிடுகிறவர்களும் கேட்கட்டும் என்று கீழேயும் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நான் என் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனபோது சவுண்ட் சர்வீஸ் அண்ணன் வயரைச் சொருகியபடி கேட்டார்.

"இன்னா நைனா, பேட்டரி போட்டுக்கினியா? கரண்ட் போனா ஜென்செட் எடுக்கப் பத்து செகண்ட் ஆவும்."

"பத்து செகண்ட்தானேண்ணே, சமாளிச்சுக்கலாம்."

"அப்பால உன் இஷ்டம்."

அக்கா அரக்குப் பட்டில், மாலையோடு மைக் முன்னால் வந்து நின்றாள். மணப்பெண் பாடப்போகிறாள் என்றதும் கூட்டம் திரும்பியது. பக்கத்தில் மாப்பிள்ளை, அதாவது இப்போது என் அத்தான், கோட்டு சூட்டில் திருதிருவென்று நின்றார். பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. மேடையிலிருந்து பார்த்தேன், அப்பா வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் மேட்ச் பார்க்காமல் எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணம் தொடங்கியது. கரண்ட் போயிற்று.

மைக் இல்லை, கீபோர்டு இல்லை, கூட வாசித்த குரூப்பின் பேஸ் கிடார் இல்லை. தபலா மட்டும் ஓடியது. அந்த இருட்டில் அக்கா நிறுத்தாமல் பாடினாள். சுருதி நூலளவு நகரவில்லை. அன்றைய நிகழ்ச்சியிலேயே நன்றாக இருந்தது அந்தப் பத்து விநாடிதான். ஆனால் அது முன்வரிசைக்கு மட்டுமே கேட்டது.

ஜென்செட் எடுத்தது, விளக்கு வந்தது, கூட்டம் கை தட்டியது. நான் இரண்டு கையையும் போட்டேன். அதுவரை நான் வைத்திருந்த வயலின் சத்தத்துக்குப் பதில் பியானோ சத்தம் வந்தது. கீபோர்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது என்று புரிந்துகொண்டு, சட்டென்று வயலினுக்கு மாற்றினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வயலினை மறந்த கீபோர்டு மைனஸ் நாலையும் மறந்திருக்கும் என்று அந்த மண்டையில் உதிக்கவில்லை.

அக்கா ஐந்தரைக் கட்டையில் இருந்தாள். நான் நாலு படி மேலே ஏறி, முழுச் சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். பேஸ் கிடார்காரர் சரியான இடத்தில்தான் இருந்தார். என்னை முறைத்துக்கொண்டே அழுத்தி அழுத்தி வாசித்தார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஒரு நொடி தயங்கினாள், என் பக்கம் திரும்பினாள், குரலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டனை அழுத்தினேன். பதற்றத்தில் பிளஸ்ஸை இரண்டு தடவை அழுத்திவிட்டேன். சுருதி இன்னும் மேலே போனது. அவளும் வந்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது, நெற்றிச்சுட்டி ஆடியது. அந்த உயரமான இடம் வந்தபோது குரல் கிழிந்து, பிரஷர் குக்கர் போல ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நான் மைனஸைத் தேடிப் பிடித்து, இந்த முறை விடாமல் அழுத்தினேன். விடாமல் அழுத்தினால் அது நாலில் நிற்காது. மைனஸ் பன்னிரண்டு வரை, கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கிவிடும். இறங்கியது. அக்கா அங்கேயும் வந்தாள். புதுப்பெண் பட்டுப்புடவையில் நின்று ஆண்குரலில் கடைசி வரியைப் பாடினாள்.

தபலாக்காரர் புண்ணியவான். முடிவுக்கு வாசிக்கும் ஒரு தீர்மானத்தை வைத்துப் பாட்டை முடித்துவிட்டார். நான் மேடையைவிட்டு இறங்கி நேரே கீழே போனேன். கை கழுவும் இடத்தில் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதேன். பின்னால் பந்தியில், ஸ்பீக்கரில் மட்டும் பாட்டைக் கேட்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா பாயசத்தைக் குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்பது காதில் விழுந்தது.

"ஏன்க்கா, நாலு பொம்பளைக பாடுனாவளே, அதுல நம்ம செல்வி எது?"

ஒரு மாத ஒத்திகை. அந்த வீடு அவள் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காக. நாலு குரலைக் கேட்டுவிட்டு எது அவளுடையது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை.

கூட்டம் கலைந்தபின் மேடைக்குப் போனேன். அக்கா மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா என் பின்னாடியே வந்தே? அந்தப் பேஸ் கிடார்காரர் சரியாத்தானே வாசிச்சாரு? அவரைப் பிடிச்சிருக்கலாம்ல?"

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதேடா" என்றாள்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த வேலையை அப்பா பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தார்.

"புடவையைக் கொண்டாந்தா அதுக்கு மேட்ச்சா துணி எடுத்துக் குடுக்கறதுதாண்டா நம்ம தொழில். எங்கிட்ட இருக்கிற துணிக்கு மேட்ச்சா நீ போய் வேற புடவை கட்டிக்கிட்டு வாம்மான்னு எவனாவது சொல்வானா? நீ சொல்லிட்டே. அதுவும் மூணு தடவை."

மறுநாள் காலையில் பார்த்தால், டிரான்ஸ்போஸ் பட்டன்கள் இரண்டின் மேலும் அரக்கு நிற ரவிக்கைத் துணியைக் கச்சிதமாக வெட்டிக் கோந்து போட்டு ஒட்டியிருந்தார். (அக்காவின் புடவைக்கு மேட்ச்தான்.) நான் அதைப் பிய்க்கவில்லை. ஆல்பர்ட் சாரிடம் போய் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். அரைக் கட்டை அரைக் கட்டையாக, கறுப்பில் இடறி, வெள்ளையில் வழுக்கி, பன்னிரண்டையும் விரலுக்குக் கொண்டுவர மூன்று வருஷம் ஆயிற்று. சார் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார்.

அத்தான் வீட்டிலோ அந்தக் கேள்வி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அக்கா குழந்தைகளைப் பார்த்துக் கத்தினால் அத்தான், "ஓடுங்க, பிளஸ் ரெண்டு செல்வி வந்துட்டா" என்பார். காலையில் தூக்கக் கலக்கத்தில் பேசினால் அவள் மைனஸ் பன்னிரண்டு. நான் போன் செய்தால் அவர் எடுத்து, "இரு, குடுக்கறேன். எந்தச் செல்வின்னு நீயே கேட்டுக்கோ" என்று கொடுப்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதன்பிறகு யார் கேட்டும் அந்தப் பாட்டைப் பாடியதில்லை.

போன மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரியில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் மாமியாரும் இருந்தார். சாப்பிட்டபின் அக்கா மகளுடைய கீபோர்டைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டில் மடிக்க, வாய் தன்பாட்டில் அந்தப் பல்லவியை எடுத்துவிட்டது. என்னிடம் சுருதி சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்த குரல், முன்போல ஐந்தரையில் இல்லை. நாலரைக் கட்டைக்கு இறங்கியிருந்தது. கறுப்புக் கட்டைகளாகவே வரும் இடம் அது, ஒரு காலத்தில் நான் கனவிலும் போகாத பேட்டை.

பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை. விரலைக் கறுப்பில் வைத்து, அவள் இருந்த இடத்துக்கு நான் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடியே முதல் சரணம், இரண்டாவது சரணம். அந்த உயரமான இடம் வந்தது. குரல் மேலே போய் நின்றது, கொஞ்சம் யோசித்தது, பத்திரமாக இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் கிண்டல் செய்ய வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

அவருடைய அம்மா மட்டும் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவிடம் கேட்டார்.

"நல்லாத்தான் பாடுத. ஏட்டி, மத்த மூணு பேரும் வரலியா?"