செங்கொம்பனின் தாங்குதிறன்

"சைரனைப் போடுலே சுடலை. பிந்தினா உயிர் தங்காது" என்றார் டாக்டர் ராமசுப்பு.

போட்டேன். புதூர் சாலையில் தீப்பெட்டி ஆலை வேன் ஒன்று ஓரம் கட்டியது. டவுன் பஸ் ஒதுங்கியது. மேய்ச்சலுக்குப் போன வெள்ளாட்டுக் கூட்டம் ஒன்று தார்ச்சாலையை விட்டுக் கரிசலில் இறங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டது. உயிர் காக்கப் போகிறவர்கள் மீது ஆடுகளுக்குத்தான் எத்தனை மரியாதை.

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மாபெரும் பாய்ச்சல், ஓர் உயிரினத்தின் போர்த்திறனை எண்களால் அளக்கக் கற்றுக்கொண்டதே என்பது என் தாழ்மையான கருத்து. அந்தப் பாய்ச்சலைக் கோவில்பட்டி வட்டாரத்துக்குக் கொண்டுவந்த பெருமை எங்கள் டாக்டரையே சாரும். அவர் 'கரிசல் உயிர்க்காப்பு அறக்கட்டளை'யின் நடமாடும் கால்நடை மருத்துவர். நான் அந்த வண்டியின் ஓட்டுநர்.

டாக்டரின் செல்போன் அடித்தது. புதூருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வெயிலுகந்தம்மாள். அவருடைய சினையாடு நஞ்சு தின்று துடிப்பதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார். டாக்டர் அழைப்பைத் துண்டித்தார்.

"இந்தம்மா போன் போட்டா செங்கொம்பன் மறைஞ்சு போறான்லே."

செங்கொம்பன் என்பவன் டாக்டரின் செல்போன் விளையாட்டில் வாழும் போர்விலங்கு. சிவந்த கொம்பு, எரியும் கண். இந்த விளையாட்டில் வீட்டில் உட்கார்ந்து சண்டை போட முடியாது. ஊர் உலகத்திலுள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் அது 'கோட்டை'களாக அறிவித்திருக்கிறது; கோட்டை இருக்கும் இடத்துக்கே போய்த்தான் பொருத வேண்டும். அன்று, அபூர்வ எதிரியான 'நச்சுவாலன்' தோன்றியிருந்த கோட்டை, வெயிலுகந்தம்மாள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. அவருடைய ஆடு அதே நாளில் நஞ்சு தின்றதால் டீசலுக்கு நியாயம் கிடைத்தது. நல்ல காரியங்களுக்கு இப்படித்தான் எல்லாம் கூடிவரும்.

பின் இருக்கையில் 'தொழில்நுட்ப ஆலோசகர்' ஹாரூன் பாய் இருந்தார். ஆட்டு வியாபாரி. கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவார்.

"தாக்குதல் பதினஞ்சுக்குப் பதினஞ்சு பாய்" என்றார் டாக்டர். "தற்காப்பும் மோசமில்ல. தாங்குதிறன்தான் இடிக்குது."

பாய் போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். "பல்லு எத்தனை?"

"பல்லெல்லாம் காட்டாது பாய்."

"பல்லைக் காட்டாத உருப்படிய எப்படி நம்புதது? சரி, திருப்புங்க, சுழியாவது பார்ப்போம்."

டாக்டர் விரலால் செங்கொம்பனைத் திருப்பினார்.

"நெத்தியில ரெட்டைச் சுழி. முட்டுத சாதி. கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கிடலாம்" என்ற பாய், சந்தைப் பழக்கத்தில் தோள் துண்டை டாக்டரின் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை சொல்லிவிட்டார். செங்கொம்பன் விற்பனைக்கு இல்லை என்பதை விளக்கி முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

போரில் செங்கொம்பனின் இரண்டாவது அடி எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பாய் 'இடிமுட்டு' கட்சி. டாக்டர் 'நஞ்சுமுறி' கட்சி.

சைரன் சத்தம் கேட்டு வெயிலுகந்தம்மாள் ஓடிவந்தார். "வந்துட்டியளா டாக்டரய்யா. மழையில்லாம சோளப்பயிரு வாடி நஞ்சேறி நிக்கில்லா, கயித்த அத்துக்கிட்டுப் போயி அதத் தின்னுட்டு. வாயில நுரை தள்ளுது. காலை வெட்டி வெட்டி இழுக்குது."

டாக்டர் வண்டியின் என்ஜின் முன்மூடியில் போனை வைத்தார். கண் அதிலேயே இருந்தது. "விஷம்னு தெரிஞ்ச பிறகு யோசிக்கவே கூடாது பாய். உடனே மாத்து கொடுத்துரணும்."

"அதத்தான்யா நானும் சொல்லுதேன்" என்றார் வெயிலுகந்தம்மாள்.

"கொஞ்சம் பிந்துனாலும் மூச்சு முட்டிரும்."

"முட்டுதுய்யா. இப்பமே முட்டுது."

"அம்மா, சித்த அங்கன தள்ளி நில்லுங்க. சிக்னல மறைக்கியோ."

அவர் தள்ளி நின்றார். போன் முன்மூடியில் வழுக்கியது. "எதையாவது எடுத்து முட்டுக் கொடுலே" என்றார் டாக்டர். வண்டிக்குள் மருந்துத் தட்டிலிருந்து கைக்கு வந்த ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. டாக்டர் அதை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு திருப்தியோடு போனை அதன்மேல் சாய்த்தார்.

போர் தொடங்கியது.

"ஒரு ஊசி மட்டும் போட்டுட்டு வந்து விளையாடுங்கய்யா" என்றார் வெயிலுகந்தம்மாள். "ரெண்டு குட்டி வயித்துல கிடக்கு."

"அந்த ஊசி கைவசம் இல்லம்மா. கேட்டு எழுதியிருக்கோம். வந்ததும் மொத ஊசி உங்களுக்குத்தான்."

 வெயிலுகந்தம்மாள் தொட்டிக்குப் பின்னால், வேலியோரம் கிடந்த ஆட்டிடம் திரும்பிப் போனார்.

நச்சுவாலன் பச்சைப் புகையைக் கக்கினான். செங்கொம்பன் தள்ளாடினான். தாங்குதிறன் சரசரவென்று இறங்கியது. பாய் வானத்தைப் பார்த்துக் கையேந்தினார்.   டாக்டர் சரியான நொடியில் 'நஞ்சுமுறி'யை அழுத்தினார். செங்கொம்பன் முழங்காலூன்றி எழுந்து ஒரே முட்டாக முட்டினான்.

"பிழைச்சுட்டான்லே" என்றார் டாக்டர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. சக உயிரின் துயரத்துக்கு அப்படி உருகும் மனிதரை நான் கண்டதில்லை.

தொட்டிக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டின் முனகல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த அமைதி டாக்டரின் கவனத்துக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

வெயிலுகந்தம்மாள் வந்தார். கையில் அறுந்த கயிறு. "போயிட்டுய்யா."

"வம்சம் பார்த்து வாங்கியிருக்கணும்மா" என்றார் டாக்டர் கனிவாக. "தாங்குதிறன் கம்மியான உருப்படி."

வெயிலுகந்தம்மாள் போனை எட்டிப் பார்த்தார். "இது பிழைச்சுட்டோ?"

"பிழைச்சுட்டும்மா."

"இதுக்கும் வயித்துல குட்டி கிடக்கா?"

"இல்லம்மா. இது கிடா."

"ஓ" என்றார் வெயிலுகந்தம்மாள். கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

'நஞ்சுண்ட உயிர் ஒன்று தக்க சமயத்தில் மீட்கப்பட்டது' என்று டாக்டர் தலைமையிடத்துக்குத் தெரிவித்தார். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறக்கட்டளை மகிழ்ந்து, கோவில்பட்டியில் மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி, 'உயிர்காத்த செம்மல்' பட்டம் அளித்தது.

வாழ்த்துரையில் ஹாரூன் பாய் ஒரு சந்தேகம் கிளப்பினார். "நின்னாலும் ஆடுத ஒரு வண்டி, அதுல வழுக்குத மூடி, அடிக்குத காத்து. அம்புட்டு நேரமும் போன் இம்மிகூட அசையலியே, அது எப்படி?"

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் அடக்கத்தோடு என்னைக் காட்டினார். நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். பெருமை எனக்குரியதல்ல, முட்டுக்கொடுத்த அந்தப் பெட்டிக்குரியது. ஓர் ஊசிக்குப்பிகூட வெளியே எடுக்கப்படாமல் கனமாக இருந்ததால்தான் அது அசையவில்லை. ஆறு குப்பிகளும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன: வாடிய சோளப்பயிர் தின்ற ஆட்டுக்குப் போடுகிற நஞ்சுமுறி மருந்து.