நெற்றியில் டொமினிக்

தொழில் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும். எனக்குத் தொழில் வருவதற்கு முன்பே திமிர் வந்துவிட்டது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை.

அப்போது ராயபுரத்தில் ஒரு தொப்பிக் கம்பெனியில் தையல் வேலை. காலடிப்பேட்டையிலிருந்து கிளம்பினால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். இந்த நிலையில், என் மகள் நித்யா யூகேஜி படித்த பள்ளியின் ஹெட்மிஸ் ஒருநாள் கூப்பிட்டார். "பட்டமளிப்பு விழாவுக்குப் பசங்களுக்குத் தொப்பி தைக்கணும். நல்லா வந்துச்சுன்னா, வர்ற வருஷம் மொத்த யூனிபார்மும் உங்களுக்குத்தான்" என்றார். நான் அங்கேயே நின்றபடி மனதுக்குள் கம்பெனிக்கு ராஜினாமா கடிதம் எழுதிவிட்டேன். (யூகேஜிக்கு எதற்குப் பட்டமளிப்பு என்று என்னைக் கேட்காதீர்கள்.)

முப்பது பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்து, இஞ்ச் டேப்பை நெற்றியில் சுற்றி, ஒவ்வொரு தலையாக அளந்து நோட்டில் எழுதினேன். பையன்களுக்கெல்லாம் முடி காடாக வளர்ந்திருந்தது. அதையும் சேர்த்தேதான் அளந்தேன்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின் ஷகிலா அக்கா. வண்ணாரப்பேட்டைக்காரர். பதினைந்து வருஷமாகத் தொப்பியைத் தவிர வேறெதுவும் தைக்காதவர். என் நோட்டைப் பார்த்தார்.

"இன்னாடி இது, ஜாதகம் மாரி எழுதி வெச்சுகீறே? மூணு சைஸ் வெட்டு. பின்னால எலாஸ்டிக் வெச்சுத் தை. எந்தத் தலைக்கும் குந்திக்கும்."

"எலாஸ்டிக்லாம் அளவெடுக்கத் தெரியாதவங்க வெக்கிறது, அக்கா" என்றேன் நான்.

(யாரிடம் சொல்கிறேன் பாருங்கள். வாய், வாய்!)

அதோடு விட்டேனா? தொப்பி மாறிவிடக் கூடாதென்று, ஒவ்வொன்றின் நெற்றியிலும் தங்க நிற நூலில் பெயர் வேறு போட்டேன். கறுப்புத் துணி, மேலே சதுர அட்டை, ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். முப்பதையும் கட்டிலில் பரப்பிவைத்து நானே நாலு தடவை திருஷ்டி கழித்தேன்.

நான் யோசிக்காதது ஒன்றே ஒன்றுதான். பரீட்சைக்கும் விழாவுக்கும் நடுவில் பத்து நாள் லீவு. பத்து நாள் லீவு விட்டால் எங்கள் ஏரியா என்ன செய்யும்? பாதிப் பேர் திருப்பதி, மீதிப் பேர் வேளாங்கண்ணி. விழாவன்று பள்ளி வேன் வந்து நின்றது. கதவைத் திறந்தால், சந்தனம் பூசிய மொட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. காடாக வளர்ந்திருந்ததே, அது அத்தனையும் வேண்டுதல் முடி!

பெண்பிள்ளைகள் நேர்மாறு. விழா என்பதால் ஆளுக்கொரு கொண்டை, அதைச் சுற்றி மல்லிகைப்பூ. (நித்யாவுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாலு முழம் பூ சுற்றிவிட்டது நான்தான். தொப்பி தைத்ததும் நான்தான். இரண்டும் ஒரே தலைக்குத்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.)

பையன்களின் தொப்பி சந்தனத்தில் வழுக்கி மூக்கில் வந்து நின்றது. பெண்களின் தொப்பி கொண்டைக்கு மேலே ஏறி உட்கார்ந்ததே தவிர, தலைக்குள் இறங்கவில்லை. ஹெட்மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் யூனிபார்ம் ஆர்டர் பாதி போய்விட்டது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஷகிலா அக்காதான் தோளைத் தட்டினார்.

"இன்னாத்துக்கு பேஜாராவுறே? பையனுங்க தொப்பி பெர்சா கீது, அத்த பொண்ணுங்களுக்குப் போடு. பொண்ணுங்களுத மொட்டைங்களுக்குப் போடு."

"நெத்தில பேரு கீதேக்கா!"

"அத்த எவன் படிக்கப் போறான்?"

மாற்றிப் போட்டோம். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. ஹெட்மிஸ்கூடச் சிரித்துவிட்டார். ஆர்டர் திரும்பி வந்துவிட்டதென்று நான் மூச்சு விட்டேன்.

எவன் படிக்கப் போறான் என்றால், சிறப்பு விருந்தினர் படித்தார். துறைமுகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆசையாகக் குனிந்து, நெற்றியைப் படித்து, மைக்கில் பெயரைச் சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். கொண்டையும் பூவுமாக வந்த முதல் பிள்ளையை "வாங்க சதீஷ்குமார்!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்குப் புரியவில்லை. அடுத்து நித்யா.

"டொமினிக்! பெரியாளானதும் என்ன ஆகப்போறீங்க, டொமினிக்?"

நித்யா மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"நான் டொமினிக் இல்ல. டொமினிக் அத்தோ, அந்த மொட்ட. தொப்பிதான் டொமினிக். எங்கம்மா தச்சது. அத்தோ, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுகினு கீறாங்க."

மண்டபமே திரும்பித் தூணைப் பார்த்தது.

யூனிபார்ம் ஆர்டர் வேறொருவருக்குப் போனது. அன்று வீட்டுக்கு வந்து நிஜமாகவே அழுதேன். மறுநாள் அதே ஷேர் ஆட்டோ, அதே கன்டெய்னர் லாரி. ஷகிலா அக்கா ஒரு கட்டு எலாஸ்டிக்கை எடுத்து என் மிஷின் மேல் வைத்தார், அவ்வளவுதான்.

இப்போது வீட்டிலேயே சொந்தமாக நாலு மிஷின் ஓடுகிறது. தொப்பி கேட்டு யார் வந்தாலும், "வூட்ல யாருக்காச்சும் மொட்டை வேண்டுதல் கீதா?" என்பதுதான் என் முதல் கேள்வி. என் கணவர் இன்றுவரை மகளை "டொமினிக், சாப்பிட வா நைனா" என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த டொமினிக்குக்கு அடுத்த மாதம் கல்லூரியில் நிஜமான பட்டமளிப்பு. தொப்பியை அவரவரே கொண்டுவர வேண்டுமாம். "கடைல வாங்கிக்கிறியா, இல்ல நான் தைக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீயே தைம்மா" என்றாள். "நெத்தில டொமினிக்னே போட்டுடு."