வராத கையால் ஒரு பந்தயம்

அன்புள்ள அக்கா கிளெனிஸுக்கு,

தம்பி கேரத் வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் உன் வாத்துகளும் நலம்தானே? இங்கே நானும் ஜில்லும் பன்றிகளும் நலம். என் வயிற்றில் மட்டும் கிரிக்கெட் பந்து அளவுக்குக் கன்றிப்போன ஒரு நீலத் தடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மேட்டுப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் விடுதியில் தங்குகிறார்கள், மீதிப் பேர் நம் ப்ரையனி மாதிரி சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் என்பது உனக்குத் தெரியும். இவளுக்குத் திடீரென்று விடுதி ஆசை வந்துவிட்டது. "அங்க ராத்திரி எல்லாரும் சேர்ந்து கதை பேசுறாங்கப்பா. இங்க நீங்க குறட்டை விடுறீங்க, நான் கேக்குறேன்" என்றாள். விடுதி ஜன்னலைத் திறந்தால் நம் பன்றிக் கொட்டகை தெரியும் அக்கா, அவ்வளவு தூரத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு நான் எப்படிச் சாப்பிடுவது? மாட்டேன் என்றேன். அவள் பந்தயம் கட்டினாள்: பள்ளி ஆண்டு முடிவில் நடக்கும் அப்பாக்கள் கிரிக்கெட் ஆட்டத்தில் என்னை அவுட்டாக்கினால் செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது விடுதி, இல்லையென்றால் விடுதிப் பேச்சே கிடையாது. நான் உடனே கை கொடுத்தேன். ஏனென்றால் அந்த ஆட்டத்தில் பிள்ளைகளுக்குச் சமமாக இருக்கட்டும் என்று அப்பாக்கள் எல்லோரும் இடது கையால்தான் மட்டை பிடிக்க வேண்டும், அது பள்ளி வழக்கம், நானோ பிறவி இடதுகைக்காரன்! அன்று முழுக்கப் பன்றிகளிடம்கூடச் சிரித்துப் பேசினேன்.

சனிக்கிழமை மட்டையைச் சுழற்றிக்கொண்டு ராஜா மாதிரி இறங்கினேன். நடுவராக நின்ற தலைமையாசிரியர் கையைத் தூக்கினார். "மிஸ்டர் ப்ராஸர், ஒரு நிமிஷம். வராத கையால ஆடணுங்கறதுக்குத்தான் இந்த வழக்கமே. உங்களுக்கு வராதது வலது கைன்னு உங்க பொண்ணு காலையிலேயே வந்து சொல்லிட்டா." எல்லைக் கோட்டில் தேநீரும் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கட்டிய மனைவி ஜில்லின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

என்ன செய்ய, வலது கைக்கு மாறித் திரும்பி நின்றேன். எதிரில் பந்தோடு ப்ரையனி. முதல் பந்துக்கு மட்டையை ஓங்கி வீசினேன், பந்து தன் வழியே போனது, மட்டை கை நழுவிப் பறந்து போய்த் தேநீர் மேசையில் இறங்கியது, விடுதி மேட்ரன் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த பந்து வயிற்றில். "என்னப்பா, பன்னி விரட்டற மாதிரி சுத்துறீங்க? பந்தப் பாருங்க!" என்று கத்தினாள் ப்ரையனி. பார்த்தேன் அக்கா, சத்தியமாகக் கண் கொட்டாமல் பார்த்தேன். அதற்கடுத்த பந்துக்கு உயிரைக் கொடுத்து மட்டையை வீசினேன். பின்னால் நின்ற விக்கெட் கீப்பர் வாண்டு மெதுவாகச் சொன்னான்: "அங்கிள், ஸ்டம்ப் எப்பவோ விழுந்துடுச்சு."

அவள் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! தோற்றவன் நான்தான், மைதானத்திலேயே அதிகச் சத்தமாகக் கை தட்டியவனும் நான்தான். கொடுத்த வாக்கு வாக்குதான். செப்டம்பரிலிருந்து அவள் விடுதியில். காலையில் ரொட்டிக்குத் தடவும் மார்மலேடுக்கு என்னோடு சண்டை போட ஆளிருக்காது. பெண் வளர்ந்துவிட்டாள், சந்தோஷப்பட வேண்டியதுதான், படுகிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்கால் வலி சீக்கிரம் தீரட்டும், வாத்துகள் நிறைய முட்டையிடட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
கேரத்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ப்ரையனி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "நீங்க எனக்காக வேணும்னே அவுட் ஆனீங்க. எந்த மனுஷனும் நெஜமா அவ்ளோ மோசமா ஆட முடியாது. இந்த மாதிரி விக்கெட் எனக்கு வேணாம். அடுத்த வருஷம் ஒழுங்கா ஆடுங்க, அதுவரைக்கும் நான் வீட்டுலதான் இருப்பேன்" என்றாள். "இல்லம்மா, நான் நிஜமாவே..." என்று ஆரம்பித்தேன். ஜில் மேசைக்கடியில் என் காலை நன்றாக மிதித்தாள். நானும், பிள்ளைக்காக விட்டுக்கொடுத்த பெருந்தன்மையான தகப்பன் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டேன்.