கிளைமாக்ஸில் விளக்கு எரிந்தது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம். நீ நலமா என்று விசாரிக்க எனக்கு அருகதை இல்லை என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று நீ சொன்னதால் விசாரிக்கவில்லை. இது சமாதானக் கடிதமும் இல்லை. ஒரு நல்ல படத்தைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இப்போது ஒரு தியேட்டரில் எலெக்ட்ரீஷியன். அந்தப் படத்தைப் பதினேழு முறை பார்த்துவிட்டேன். அண்ணன் தம்பி கதை. ஒரு பழைய சைக்கிளுக்காகச் சண்டை போட்டு இருபது வருஷம் பேசாமல் இருக்கிறார்கள். அற்பக் காரணம். நம்முடையது அப்படியா? உன் புது வீட்டுக்கு நான் ராப்பகலாக வயரிங் செய்து முடித்தபின், அத்தான் வேறொரு ஆளைக் கூட்டிவந்து, "எதுக்கும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாரே, அதுவும் இதுவும் ஒன்றா? அந்த ஆள் கண்டுபிடித்த ஒரே ஒரு லூஸ் கனெக்‌ஷன் எந்த வீட்டிலும் இருக்கும்.

சரி, படத்துக்கு வருகிறேன். கடைசியில் தம்பி போய்க் கதவைத் தட்டுகிறான். அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "சாப்பிட்டியாடா?" என்கிறார். அவ்வளவுதான், படம் முடிந்தது. இருபது வருஷச் சண்டைக்கு ஒரு சாப்பிட்டியாவா, எவன் எழுதினான் இதை என்று பதினேழு தடவையும் திட்டிக்கொண்டே பதினேழு தடவையும் அழுதேன். போன ஞாயிற்றுக்கிழமை அழுகை முட்டிக்கொண்டு வந்து, கண் தெரியாமல், திரைக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிட்ச் போர்டு மேல சாஞ்சிட்டேன். ஹால் லைட்டு பூரா எரிஞ்சிருச்சு. மூக்கைச் சிந்திக்கிட்டிருந்த அத்தனை பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வெட்கப்பட்டு, அதை மறைக்க என்னைத் திட்டினாங்க. மேனேஜர் ஓடி வந்தார்.

"யோவ், அறிவிருக்கா? கிளைமாக்ஸ்ல எவனாவது லைட்டப் போடுவானா?"

"கை பட்டுருச்சு சார்."

அப்பதான் அஞ்சாவது வரிசையில உன்னைப் பார்த்தேன். முந்தானையால கண்ணைத் துடைச்சிக்கிட்டிருந்த. பக்கத்துல அத்தான் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறார். வந்து பேசலாம்னு ரெண்டு அடி வச்சேன். அப்படியே திரும்பிட்டேன். திரைக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிட்டேன். நாற்பத்தெட்டு வயசு எனக்கு.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் மாமாவின் ஆசிகள். பதில் எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத தம்பி

பி.கு.: கை பட்டுருச்சுன்னு மேனேஜர்கிட்ட சொன்னது பொய். சாஞ்சிட்டேன்னு உனக்கு எழுதினதும் பொய். டார்ச் வெளிச்சத்துல நீ இடம் தேடி வந்து உக்காந்தப்பவே பாத்துட்டேன். அப்புறம் இருட்டுல முகம் சரியாத் தெரியலை. ஒன்பது வருஷம் ஆச்சே, ஒரு தடவை நல்லாப் பாத்துக்கலாம்னு நான்தான் வேணும்னே லைட்டப் போட்டேன். எவ்வளவு நரைச்சுட்ட நீ. வீட்டுக்கு வரட்டுமாக்கா?